சைமன் வீட்டில் இருந்த ராணி

1912 டிசம்பர் 6. எகிப்தின் டெல் எல் அமர்னாவில், துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இருந்த இடத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் தட்டுப்பட்டது ஒரு கழுத்து. நிமிர்த்திப் பார்த்தால் ராணி நெஃபர்டிட்டி. சுமார் அரை மீட்டர் உயரம், 20 கிலோ எடை. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கி, சாந்து பூசி, வண்ணம் தீட்டிய மார்பளவுச் சிலை. வலக்கண்ணில் படிகம் பதித்திருந்தது. இடக்கண் குழி வெறுமையாக இருந்தது. மூவாயிரம் ஆண்டு தாண்டியும் உதட்டின் சிவப்பு போகவில்லை. இதை வர்ணித்துப் பயனில்லை, பார்த்தால்தான் தெரியும் என்று குறிப்பேட்டில் எழுதினார் அகழாய்வை நடத்திய லுட்விக் போர்ஷார்ட்.

அந்த அகழாய்வுக்குப் பணம் போட்டவர் பெர்லின் யூதரான ஜேம்ஸ் சைமன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது, முன்பே வாங்கி வைத்திருந்த சரக்கால் செழித்தது அவர் குடும்பத்தின் ஜவுளி வணிகம். வந்த பணத்தில் பெரும்பங்கை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஏழைகளுக்குப் பொதுக் குளியலகங்கள், கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம், பாபிலோன் அகழாய்வு, அருங்காட்சியகங்களுக்கு ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள்.

1913 ஜனவரியில் கண்டெடுத்தவற்றை எகிப்தும் ஜெர்மானியரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சிலை ஜெர்மன் பங்கில் விழுந்தது, சைமனுக்கு உரிமையானது. அந்தப் பங்கீடு நேர்மையாக நடந்ததா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. டியர்கார்ட்டன் தெருவில் இருந்த சைமனின் மாளிகைக்கு வந்துசேர்ந்தாள் ராணி. ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்முக்கு ஒரு நகல் போயிற்று. 1920இல் மூலச்சிலையையே பிரஷ்ய அரசுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார் சைமன். 1924இல் மக்கள் பார்வைக்கு வைத்ததும் உலகமே பேசியது. எகிப்து திருப்பிக் கேட்டது.

சைமனின் வாழ்வில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதற்குப் பிறகு அவர் செய்ததுதான். 1930இல், சிலைக்கு ஈடாக வேறு இரண்டு சிற்பங்களைத் தருவதாக எகிப்து பேசியபோது, பெர்லின் பத்திரிகைகள் கூடாது என்று கொதித்தன. சைமனோ கலாசார அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எகிப்து வற்புறுத்திக் கேட்டால் கொடுத்துவிடுவோம் என்று அருங்காட்சியகத்தார் சொன்ன வாக்கை அதில் நினைவூட்டினார். கொடுத்தவரே சொல்லியும் அரசு பரிமாற்றத்திலிருந்து பின்வாங்கியது. இதற்கிடையில் அவருடைய நிறுவனம் நொடித்துவிட்டது, மாளிகையும் கைவிட்டுப் போயிருந்தது. 1932இல் அவர் இறந்தபோது, நாடுகடந்து வாழ்ந்த பழைய கைசர் மலர்வளையம் அனுப்பினார்.

மறு ஆண்டு ஹிட்லர் வந்தார். ராணியை விடமாட்டேன் என்றார். அவளைக் கொடுத்த யூதரின் பெயர்ப்பலகையை மட்டும் அகற்றினார்கள்.

போரில் சிலை வங்கிப் பெட்டகத்திலும், விமான எதிர்ப்புக் கோபுரத்திலும், கடைசியில் மெர்க்கர்ஸ் உப்புச் சுரங்கத்திலும் ஒளிந்திருந்தது. 1945இல் அமெரிக்கப் படை கண்டெடுத்து வீஸ்பாடனுக்குக் கொண்டுபோனது. 1956இல் மேற்கு பெர்லின். 2009இல் மீண்டும், போருக்கு முன் இருந்த நோயஸ் மியூசியம்.

நோயஸ் மியூசியம் இருக்கும் பெர்லின் அருங்காட்சியகத் தீவின் புதிய நுழைவுக் கட்டடம் 2019இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் ஜேம்ஸ் சைமன் கேலரி. ராணியைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் டிக்கெட் வாங்குகிறார்கள். எகிப்திலிருந்து திருப்பிக் கேட்கும் குரலும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.