ட்ரோன் காணொளியின் அதிர்வு நீக்கம்

ட்ரோன் காணொளியின் அதிர்வு நீக்கம் என்பது, பறக்கும்போது கமரா ஆடியதால் படத்தில் ஏறிய குலுக்கத்தைக் கணித்து அகற்றும் டிஜிட்டல் படச் செயலாக்க முறை. காற்று மோதும் மலைச்சரிவுகளில் எடுக்கும் படங்களுக்கு இது மிகவும் தேவைப்படுகிறது. பதுளை மாவட்டத்தில், மத்திய மலைநாட்டின் தென் விளிம்பிலுள்ள ஹல்துமுல்லை அத்தகைய இடம். இப்பிரதேசத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு, தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயன்களை ஆட்களோடு மூடியது. இலங்கையில் மண்சரிவு ஆய்வுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்போது ட்ரோன்களையும் பயன்படுத்துகிறது. மேல்சரிவில் ஓடும் மெல்லிய நில வெடிப்பு குலுங்கும் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். அங்கே அதிர்வு நீக்கம் வெறும் அழகுக்கானது அல்ல.

குலுக்கத்தின் பெரும்பகுதியைக் கமராவைத் தாங்கும் கிம்பல் தன் மோட்டார்களால் தடுத்துவிடும். மிஞ்சுவதை மென்பொருள் கவனிக்கிறது. முதலில் சட்டகத்துக்குச் சட்டகம் தெளிவான மூலைப்புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்கிறது. லூகாஸும் கனாடேயும் 1981இல் வெளியிட்ட முறை இதற்கு இன்றும் பயன்படுகிறது. அதே ஆண்டில் வந்த ரான்சாக் முறை, பொருந்தாத புள்ளிகளைக் கழித்துவிடும்.

தேயிலை மலையில் சிக்கலே இந்தக் கட்டத்தில்தான். நிரை நிரையாக ஒரே மாதிரி நிற்கும் செடிகளில் ஒன்றை மற்றொன்றாகக் கணினி எண்ணிவிடும். மூடுபனி மூலைகளை மங்கச் செய்யும்; நகரும் பனியையே நிலத்தின் அசைவாகவும் காட்டும். லயன் கூரை, பாறை, பாதை வளைவு போன்றவையே நம்பத்தக்க அடையாளங்கள். அருகுச் சரிவும் தூரச் சமவெளியும் ஒரே படத்தில் விழுந்தால், அவை வெவ்வேறு அளவில் நகர்வதால் முழுச் சட்டகத்துக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது.

அடுத்து, இந்த நகர்விலிருந்து கணித்த கமராவின் பாதை சீராக்கப்படுகிறது. கிரண்ட்மன், க்வாத்ரா, எஸ்ஸா ஆகியோர் 2011இல் முன்வைத்த முறை, பாதையை அசையாத, சீரான வேகமுள்ள, சீராக முடுக்கமடையும் துண்டுகளாக அமைக்கிறது. பிறகு ஒவ்வொரு சட்டகமும் புதிய பாதைக்கேற்பத் திருப்பி நகர்த்தப்படும். ஓரங்களில் வெற்றிடம் விழுவதால் படத்தை வெட்டிச் சுருக்க நேரிடும்.

கமரா உணரி படத்தை வரிவரியாகப் பதிவுசெய்வதால் தோன்றும் நெளிவைச் சுழற்சிமானி (ஜைரோஸ்கோப்) பதிவைக் கொண்டு திருத்தலாம். அசைவால் ஏற்பட்ட மங்கலை அதிர்வு நீக்கம் போக்காது. அதைத் தவிர்க்க, ஷட்டர் வேகத்தைக் கூட்டியே எடுக்கவேண்டும்.

திருத்திய காணொளி பார்வைக்கு மட்டுமே உரியது. சட்டகங்கள் வளைக்கப்பட்டிருப்பதால் அதிலிருந்து வெடிப்பின் அகலத்தையோ சரிந்த மண்ணின் அளவையோ கணிப்பது தவறு. அளவீட்டுக்கு மூலப் படங்களையே பயன்படுத்தவேண்டும்.