பெயரை நம்பினோம், கணக்கைக் கேட்டோமா?

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வருமானம் நின்றுபோன மாதங்களில், பூந்தமல்லியில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அரிசியும் பருப்பும் தந்தவை, கடன் நோட்டில் நம் பெயரை எழுதிக்கொண்ட தெருமுனைக் கடைகளே. விளம்பரங்களில் கண்ட பெரிய பெயர்கள் அன்று நினைவுக்கு வரவில்லை. பொருளாதார நெருக்கடி, மக்கள் யாரை நம்புகின்றனர் என்பதையே மாற்றிவிடுகிறது. சென்னையின் வரலாறு இதனை முன்பே நமக்குக் காட்டியுள்ளது.

நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்று ஆங்கிலேய வணிக நிறுவனங்களின் பெயர்கள் உறுதிக்கு மறுபெயராக விளங்கின. ஓய்வூதியர்கள், விதவைகள், வழக்கறிஞர்கள் எனப் பலரும் தம் சேமிப்பை அர்பத்நாட்டில் வைத்திருந்தனர். இலண்டனில் இருந்த அதன் பங்காளி ஊக வணிகத்தில் பணத்தை இழந்தார். 1906 அக்டோபர் 22 அன்று நிறுவனம் திவாலானது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களின் துயரம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

அந்த வீழ்ச்சி மதிப்பீடுகளையும் மாற்றியது. வெள்ளையர் நிறுவனம் என்பதே போதிய உத்தரவாதம் என்னும் எண்ணம் தகர்ந்தது. சுதேசி உணர்வு ஓங்கியிருந்த அவ்வேளையில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. தொலைவிலிருந்த பெரிய பெயரிடமிருந்து, நம்மவர் என்னும் நெருக்கத்தை நோக்கி நம்பிக்கை இடம்பெயர்ந்தது.

எனினும் நெருக்கம் மட்டும் காப்பாகாது. 1990களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்த நிதி நிறுவனங்கள் பல, நம் ஊர்க்காரர்களாலேயே நடத்தப்பட்டவை. அவை கவிழ்ந்தபின், 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச்சட்டத்தை மாநில அரசு இயற்ற நேர்ந்தது.

நம் சமுதாயத்துக்கு இன்னும் கசப்பான பாடம் 2019இல் பெங்களூரில் கிடைத்தது. வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று கூறிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் மீது, ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் காவல்துறையில் புகார் அளித்தன. மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணத்தை அங்கே வைத்தவர்கள் உண்டு. ஹலால் என்னும் சொல் அங்கே வணிகப் பெயராகிவிட்டது. அதனைக் கேட்டவுடன் கணக்குக் கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்காவாசிகள் 'அல்அமீன்' என்று அழைத்தது, அவர்களுடைய நடத்தையை நெடுங்காலம் கண்டறிந்த பின்னரே. ஹிஜ்ரத்தின்போதும், தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அந்த அமானிதங்களுக்கு உரியவர்களுள் அவர்களுடைய மார்க்கத்தை எதிர்த்தவர்களும் இருந்தனர்.

அல்குர்ஆனின் பகரா அத்தியாயத்தில் அருகருகே இரண்டு கட்டளைகள் உள்ளன. 280ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் தரச் சொல்கிறது. 282ஆம் வசனம், கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. ஒன்று இரக்கம், மற்றொன்று எச்சரிக்கை. தெருமுனைக் கடைக்காரரின் நோட்டில் இவ்விரண்டும் இருந்தன: அவர் எழுதவும் செய்தார், பொறுக்கவும் செய்தார்.

ஆகவே, பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் தொழில் என்ன, இலாபம் எங்கிருந்து வருகிறது, கணக்கை யார் தணிக்கை செய்கிறார் என்று கேட்போம். உண்மையான அமானிதக்காரர் அதனால் மனம் வருந்தமாட்டார். அத்துடன், ஊரடங்கில் நமக்குப் பொருள் தந்த அந்தக் கடைகளில் நம் பாக்கி ஏதேனும் இன்னும் நின்றிருந்தால், இம்மாதமே அதனைத் தீர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.