சேதப் படிவத்தில் இல்லாத கேள்வி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்து போய்ச் சில கிழமைகளில் கிண்ணியாவில் சேதக் கணக்கெடுப்புத் தொடங்கியது. எழுதத் தெரிந்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். அப்போது ஆசிரியர் கலாசாலை மாணவனாக இருந்த நானும் ஒரு கட்டுப் படிவத்தோடு நடந்தேன். கடலோரத்து வைத்தியசாலை அழிந்து கிடந்தது. பாலம் 2009இல்தான் வந்தது. அன்று திருகோணமலைக்குப் போவதென்றால் 'பாதை' ஏறவேண்டும்.

நாற்பது வீதத்துக்கு மேல் உடைந்த வீடு முழுச்சேதம், 250,000 ரூபாய். அதற்குக் குறைந்தால் பகுதிச்சேதம், 100,000 ரூபாய். கொழும்பிலே உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பானிய வங்கி மூன்றும் கூடி 2005 ஜனவரிக்குள்ளேயே நாட்டின் சொத்துச் சேதம் சுமார் 100 கோடி டொலர், மீளக்கட்ட 150 கோடியளவில் வேண்டும் என்று மதிப்பிட்டுவிட்டன. அந்த வேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தொகை தெரியாமல் யார் காசு தருவார்?

என் மனதில் நிற்பது படிவத்தின் முதல் வரி: 'குடும்பத் தலைவர் பெயர்'.

அத்திவாரம் மட்டும் மிஞ்சிய ஒரு வளவில் நின்ற ராத்தாவிடம், வீடு யாருடையது என்று கேட்டேன்.

"எனக்குச் சீதனமாத் தந்த வூடு தம்பி. அதுக்கு முன்ன உம்மாட."

கிழக்கிலே வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். சீதனத்தை நாம் எவ்வளவு கண்டித்து எழுதினாலும், காலடி மண்ணாவது அவளுடையதாக இருந்தது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. நான் கணவர் பெயரை எழுதினேன். அவரும் பக்கத்தில்தான் நின்றார், மறுப்பேதும் சொல்லவில்லை.

பிறகு வந்தது இடைவலயம். தெற்கிலே 100 மீற்றர், எங்கள் கரையிலே 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பின்னாளில் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்களுக்கு உள்ளே அரச காணியில் வீடு ஒதுக்கியாயிற்று. பத்திரம் 'தலைவர்' பெயரில். 2005 ஜூனில் அரசும் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பில் முஸ்லிம்களுக்குக் கையொப்ப இடமில்லை என்று கொதித்தோம், நியாயமாகவே. எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் படிவத்தில் இடமில்லாமற் போனதைப் பற்றி நாங்கள் ஒரு கூட்டமும் போடவில்லை.

அந்த ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது நானும் போயிருந்தேன். வீட்டைக் கொடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வைத்தவர் வாப்பா. ராத்தா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.