நாய், பூனைக்கு விடாத அரிப்பா? மருந்துக்கு முன்னாடி இந்த டெஸ்ட் முக்கியம்!

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கு மட்டுமல்ல, ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களையும் பார்க்கலாம். ஆனால், முடி கொட்டிச் சொறியும் நாய்க்கு மெடிக்கலில் ஏதோ ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தடவினால் சரியாகிடுமா?

சைட்டாலஜி என்றால் என்ன?

புண் உள்ள இடத்தில் ஒட்டும் டேப்பையோ கண்ணாடி ஸ்லைடையோ அழுத்தி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான். மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை. சில நிமிடங்களில் விடை கிடைக்கும்.

என்ன தெரியும்?

* குட்டி உருண்டைகள்: பாக்டீரியா. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. வெள்ளணுக்களுக்கு உள்ளேயே அவை இருந்தால் தொற்று உறுதி.
* நிலக்கடலை வடிவம்: மலசீசியா என்ற ஈஸ்ட். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பூஞ்சை மருந்துதான் வேண்டும்.

சில நேரம் இரண்டுமே சேர்ந்திருக்கும்.

இது மட்டும் போதுமா?

போதாது. தோலுக்குள் ஒளிந்திருக்கும் டெமோடெக்ஸ் உண்ணிக்குத் தோலைச் சுரண்டிப் பார்க்கணும். பூனைகளிடம் அதிகம் வரும் படர்தாமரைக்கு முடியைப் பரிசோதிக்கணும். இது மனிதர்களுக்கும் தொற்றும்.

கவனிக்க வேண்டியவை

ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை அடக்கும், தொற்றை வளரவிடும். தடவியதை நாயும் பூனையும் நக்கிவிடும். டாக்டரிடம் போகும் முன் குளிப்பாட்டவும் வேண்டாம், மருந்து தடவவும் வேண்டாம். தடயம் அழிந்தால் ஸ்லைடில் ஒன்றும் தெரியாது!