கங்காராம் கடைத் தேநீர்

சிறு உணவுக்கடை வைக்கக் கடன் கேட்கும் பெண்களுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. கடை எங்கே, அடுப்பும் பாத்திரமும் என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை இட்லி போகும் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. போன வருசம் ஒரு அக்கா கேட்டார்: "காலனிக்காரி சுட்ட இட்லிய ஊர்த்தெரு வாங்குமான்னு எழுத இதுல எடம் இல்லையா?"

இது பழைய கேள்வி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு கோலாப்பூரில் கங்காராம் காம்ப்ளே இதே கேள்வியைச் சந்தித்தார்.

மகர் சமூகத்தவரான கங்காராம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். மராத்தாக்களுக்கென்று இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று அவரை அடித்தார்கள். அப்போது வெளியூர் போயிருந்த சாகு, திரும்பி வந்ததும் அடித்தவர்களைத் தண்டித்தார். சொந்தமாகத் தொழில் செய் என்று சொல்லி கங்காராமுக்குப் பணமும் கொடுத்தார். ஊருக்குள் தேநீர்க் கடை திறந்தது.

ஒரு கடைக்கு மதிப்பு எதனால் வருகிறது? ருசி, சுத்தம், விலை, இடம் என்பார்கள். கங்காராமிடம் தேநீர் இருந்தது, இடமும் இருந்தது. சாதி இந்துக்கள் மட்டும் வரவில்லை. குடித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல அவர்கள். போட்ட கை யாருடையது என்று பார்த்தே விலகியவர்கள்.

சாகு தன் வண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தினார். கங்காராமைக் கூப்பிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொல்லி, தெருவே பார்க்கக் குடித்தார். கூட வந்தவர்களுக்கும் கொடுத்தார். 1902லேயே தன் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு ஒதுக்கிய மன்னர் அவர். அன்று மாறியது தேயிலையோ பாலோ அல்ல, குடிக்கிற ஆள்தான்.

இதன் மறுபக்கம் நம் ஊரிலேயே இருந்தது. 'பிராமணாள்' என்று பலகையில் எழுதினாலே ஓட்டலுக்கு மதிப்புக் கூடியது. அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லித்தான் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் போராட்டம் நடத்தினார். ஒரு கையின் சாதி விலையை ஏற்றும், இன்னொரு கையின் சாதி வாங்க வருபவரையே விரட்டும். இரண்டும் ஒரே கணக்குதான்.

உணவகத்தில் நம்மைத் தடுக்கக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2). 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆக, நாம் சாப்பிடப் போனால் சட்டம் கூட வரும். நாம் விற்க உட்கார்ந்தால்? ஊர்கூடிப் புறக்கணித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். ஒவ்வொருவராக, ஒன்றும் பேசாமல் கடையைத் தாண்டிப் போனால் எந்தப் பிரிவில் போடுவது?

பணம் கொடுத்ததோடு சாகு நிற்கவில்லை, வாடிக்கையாளராகவும் வந்தார். இன்றைய அரசு கடனோடு நின்றுவிடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் ஆணை சொல்கிறது. அந்த ஆணை இட்லிக்கடை வரைக்கும் இறங்கி வரவில்லை. அரசு விடுதியும் அலுவலகக் கேன்டீனும் ஏன் இந்தப் பெண்களிடம் வாங்கக் கூடாது?

அக்காவின் விண்ணப்பத்தோடு தனித்தாள் ஒன்றை இணைத்தேன். அவர் கேட்டதை அவர் சொன்னபடியே அதில் எழுதியிருக்கிறேன்.