பத்து விநாடி ஓட்டம்

அப்பா இறந்த அன்று, மாலை போட ஒரு படம் தேடி வீட்டிலிருந்த ஏழு ஆல்பங்களையும் புரட்டினோம். சித்தியின் கல்யாணம், என் காதுகுத்து, தங்கை முதல்நாள் பள்ளிக்கூடம் போனது, ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறை என எல்லாம் இருந்தது. அப்பா மட்டும் இல்லை. எப்படி இருப்பார்? எல்லாப் படத்தையும் எடுத்தது அவர்தானே.

கடைசி ஆல்பத்தில் ஒன்று கிடைத்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு முன்னால் அம்மா, நான், தங்கை மூவரும் விறைப்பாக நிற்கிறோம். ஓரத்தில் அப்பா பாதி திரும்பியபடி, முகம் கலங்கி, வாய் நிறையச் சிரிப்போடு ஓடி வருகிறார்.

அவர் வைத்திருந்தது யாஷிகா எலக்ட்ரோ 35. அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார். "கீழ போட்டுட்டா யாருடா பொறுப்பு?" என்பார். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதுதான் செல்ஃப் டைமர். அதைத் திருப்பினால் உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறும். பட்டனை அழுத்தியதும் வில் தளரும், பல்சக்கரங்கள் அதை மெதுவாக்கும். கிர்ர்ரென்று கடிகாரம்போல ஒரு சத்தம். நெம்புகோல் பழைய இடத்துக்கு வந்ததும் ஷட்டர் திறக்கும். இதற்கு ஏறத்தாழப் பத்து விநாடி. அதற்குள் ஓடிவந்து நின்றுகொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ராஜகோபுரம் 236 அடி. பல நூற்றாண்டு மொட்டையாகக் கிடந்து, 1987 மார்ச்சில் பதின்மூன்று நிலைகளோடு கும்பாபிஷேகம் கண்டது. யாஷிகாவின் லென்ஸை மாற்றவும் முடியாது, விரிக்கவும் முடியாது. கோபுரம் முழுசாக விழ வேண்டுமானால் கேமராவைத் தள்ளித்தான் வைக்கணும். அப்பா ஸ்கூட்டர் சீட்டின்மேல் அதை வைத்துவிட்டு ஓடிவந்த தூரத்துக்குப் பத்து விநாடி போதவில்லை. ஒரு ரோலில் 36 படம்தான். இன்னொரு தடவை எடுக்கவில்லை.

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் தன் குடும்பத்தாரின் விளக்குக் கடைக்குப் பின்னால் கேமராவை நிறுத்தி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, ஓடிப்போய் முன்னால் அமர்ந்தார். அசையாமல் இருந்துவிட்டு எழுந்து வந்து மூடியைப் போட்டார். மனிதன் தன்னைத் தானே எடுத்த முதல் படங்களில் ஒன்று அது. அப்போதும் ஓட்டம்தான்!

அதற்கு இருபது ஆண்டுக்குள் கேமரா எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரரான கேப்டன் லினியஸ் ட்ரைப் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாக வந்தன. திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்குத் தனியாக ஒன்று. காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய வெகுநேரம் ஆகும், குறுக்கே நடந்துபோகிற ஆள் படத்தில் தங்கமாட்டார். கல்தான் தங்கும். கட்டடங்களைப் பதிவு செய்யும் அரசாங்க வேலை அது. எடுப்பவர் தன்னையும் எடுத்துக்கொள்வது அதில் சேராது.

அந்த ஆசை இருந்தவர்கள் கருவி தேடினார்கள். திரிபுராவின் மகாராஜா பீர்சந்திர மாணிக்யா 1880 வாக்கில் நீண்ட கம்பி ஒன்றால் ஷட்டரை இயக்கி, ராணி மன்மோகினியோடு தன்னைப் படமெடுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர்களுக்கு ரப்பர் பல்ப் வந்தது. குழாயின் நுனியிலுள்ள உருண்டையை அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், விட்டால் மூடும். இன்றைய கேமராக்களில் 'பி' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது அந்த பல்பின் மிச்சம். ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லின் தந்தை உம்ராவ் சிங் ஏறத்தாழ 60 ஆண்டுகள் தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டே இருந்தார். இளைஞனாக, யோகியாக, அறிஞனாக, கடைசியில் கிழவனாக.

ஆனால் கம்பியும் பல்பும் சாதாரண வீட்டுக்கு வரவில்லை. எங்கள் மாதிரி வீடுகளுக்கு வந்தது செல்ஃப் டைமர். அதற்கு அடுத்தது குச்சி.

அந்தக் குச்சியின் கதையைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. மினோல்டா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் ஹிரோஷி உயெதா. ஐரோப்பாவில் சுற்றுலா போனபோது, தன்னையும் மனைவியையும் ஒரு படம் எடுக்கச் சொல்லி ஒரு சிறுவனிடம் கேமராவைக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்பா பயந்தது அவருக்கு நடந்தேவிட்டது. யாரையும் நம்பாமல் இருக்க நீளும் குச்சி ஒன்றை உருவாக்கி, 1983இல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். முகம் பார்த்துக்கொள்ள கேமராவின் முன்பக்கம் ஒரு குட்டிக் கண்ணாடி. அது விற்கவில்லை. பொது இடத்தில் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ள அன்று ஆட்கள் கூச்சப்பட்டார்கள். 1995இல் வெளிவந்த, உதவாத ஜப்பானியக் கண்டுபிடிப்புகள் பற்றிய ஒரு வேடிக்கைப் புத்தகத்தில்கூட இப்படி ஒரு குச்சி இடம்பிடித்தது. 2003இல் காப்புரிமை காலாவதி ஆனது.

அதே 2003இல் முன்பக்க கேமரா வைத்த செல்போன்கள் கடைக்கு வரத் தொடங்கியிருந்தன. பத்து வருஷம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 'செல்ஃபி'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் தம்படம், தாமி, சுயமி என்று பேர் வைத்துப் பார்த்தார்கள், வாயில் நின்றதென்னவோ செல்ஃபிதான். குச்சி என்.எஸ்.பி. ரோடு நடைபாதைக்கு வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். அதிலும் ஒரு கம்பி. இயர்போன் துளையில் சொருகினால், யாரோ வால்யூம் பட்டனை அழுத்துவதாகப் போன் நினைத்துக்கொண்டு படம் எடுக்கும். மகாராஜாவின் கம்பி நடைபாதைக்கு வர நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இத்தனை கருவியும் தேடியது ஒன்றைத்தான்: எடுப்பவரும் படத்துக்குள் வரணும். அது கிடைத்துவிட்டது. என் போனில் என் முகம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அப்பாவையும் எடுத்திருக்கலாம். அவரது கடைசிப் பத்து வருஷமும் என் கையில் போன் இருந்தது. கேமராவை என் பக்கமே திருப்பி வைத்திருந்தேன்.

போன மாதம் ராஜகோபுரத்து வாசலில் நின்றிருந்தேன். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்ட பிறகு, படமெல்லாம் வெளியேதான். ஒரு குடும்பம் குச்சியை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஆட்கள் விழுந்தால் கோபுரம் விழவில்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அப்பா ஸ்கூட்டரை நிறுத்திய இடம் வரைக்கும் போனபிறகுதான் உச்சிக் கலசங்கள் விழுந்தன.

அன்று மாலை போட்டது ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான். அதில் அவர் யாரோ போல இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா அதைக் கழற்றிவிட்டு, ஓடிவரும் படத்தை ஃபிரேம் போடச் சொன்னாள். ஸ்டுடியோக்காரத் தம்பி, "முகம் ஷேக் ஆயிருக்கும்மா, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்" என்றான்.

"வேணாம்ப்பா, அப்படியே போடு" என்றாள்.