ஆணியில்லா மரக்கலம்: இந்தியப் பெருங்கடலில் தென்னைநார்க் கயிறு

கயிற்றைப் பற்றி எழுதுவோர் கட்டுதல், இழுத்தல், தூக்குதல் என்ற மூன்று வேலைகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். கிணற்றுத் தாம்பு, மாட்டுத் தும்பு, தேர்வடம், நங்கூர வடம் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்தியப் பெருங்கடலின் கரைகளில் கயிற்றுக்கு வேறொரு வேலையும் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டு முதல் போர்ச்சுக்கீசியர் வரும்வரை அங்கே ஓடிய மரக்கலங்களில் பல ஆணி அறைந்து கட்டப்பட்டவை அல்ல. பலகையோடு பலகையைச் சேர்த்துத் துளையிட்டுக் கயிற்றால் தைக்கப்பட்டவை. தையல் அறுந்தால் கலமே பிரிந்துபோகும். இந்த வழக்கம் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதற்குப் பழம் பயணிகள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். அவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது இரும்புத் தட்டுப்பாடு. அந்த விளக்கம் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாரை முறுக்குவது மனிதனின் மிகப் பழைய கைவேலைகளுள் ஒன்று. பிரான்சில் அப்ரி து மரா என்னும் பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்து, 2020-இல் அறிவிக்கப்பட்ட மூன்று புரி நூல்துணுக்கு 41,000 முதல் 52,000 ஆண்டுகள் வரை பழமையுடையது. நீளம் ஆறு மில்லிமீட்டர் அளவுதான். நியாண்டர்தால் மனிதர்கள் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரித்திருக்கிறார்கள். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று அவிழவிடா. இன்றைய கயிற்று ஆலையும் இதைத்தான் செய்கிறது.

கலத்தைக் கயிற்றால் கட்டுவதும் இந்தியப் பெருங்கடலுக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தில் கூஃபு மன்னனின் பிரமிடு அருகே 1954-இல் கண்டெடுத்த 43 மீட்டர் நீள மரக்கலம் நான்காயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் பலகைகளைப் புல்நார்க் கயிறு இணைத்திருந்தது. செங்கடல் கரையில் மெர்சா கவாசிஸ் குகைக்குள் சுருட்டி அடுக்கிய கப்பல் கயிறுகள் ஏறத்தாழ 3,800 ஆண்டுகளாக வைத்தது வைத்தபடியே கிடந்தன. எகிப்தில் இந்த முறை பிற்காலத்தில் அருகிப் போயிற்று. இந்தியப் பெருங்கடலில் அது இரண்டாயிரம் ஆண்டு தொடர்ந்ததற்குத் தென்னை மட்டையே முதற்காரணம்.

மட்டையிலிருந்து புரிக்கு

தென்னைநாரில் லிக்னின் என்னும் மரச்சத்து நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உண்டு. சணல், பருத்தி போன்ற நார்களில் இது மிகக் குறைவு. கடல்நீரில் தென்னைநார் எளிதில் மக்காமல் இருப்பது இதனால்தான். இழுவலிமையில் அது ஐரோப்பியர் பயன்படுத்திய ஹெம்ப் சணலுக்கு வெகுவாகப் பின்தங்கியது. நீளும் தன்மையிலோ அதற்கு இணையில்லை. தன் நீளத்தில் கால்பங்கு வரை நீண்ட பிறகே அறும். நீரில் மிதக்கவும் செய்யும்.

வெள்ளை நார் எடுக்க, முழுதும் காய்ந்துவிடாத தேங்காயின் மட்டை வேண்டும். மலையாளக் கரையில் மட்டைகளைக் கட்டுக்கட்டாகக் காயலுக்குள் அமிழ்த்தி, மேலே சேறும் ஓலையும் போட்டு மூடி, ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை ஊறவிடுவார்கள். அழுகும் மட்டையின் நாற்றம் காயல் ஓரத்து ஊர்களில் வீட்டுக்குள்ளேயே வரும். நுண்ணுயிர்கள் நாரைப் பற்றியிருக்கும் பிசினைத் தின்று தீர்த்ததும் மட்டையை எடுத்துக் கழுவிக் கல்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். நாருக்கிடையே உள்ள சோறு உதிர்ந்து நார் தனியாகும். அதை உலர்த்தி, உதறி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி இரண்டு புரியாகத் திரிப்பார்கள். பிற்காலத்தில் ராட்டு வந்தது. தொடக்கம் முதலே அடிப்பதும் திரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. 1343-44-இல் மாலத்தீவில் காஜியாக (நீதிபதியாக) இருந்த பயணி இப்னு பதூதாவும் இதையே எழுதுகிறார்: கடலோரக் குழிகளில் ஊறப்போடுவது, தடியால் அடிப்பது, பெண்கள் நூற்பது. அந்தக் கயிறு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் சீனத்துக்கும் போயிற்று என்றும், ஹெம்ப் சணலைவிட மேல் என்றும் குறிப்பிடுகிறார்.

தைக்கும் முறையையும் சொல்லவேண்டும். ஐரோப்பியக் கப்பலில் முதலில் விலாச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அறைவது பிற்கால வழக்கம். தைத்த கலத்தில் வரிசை நேர்மாறு. பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி உடலை முதலில் எழுப்புவார்கள். சட்டங்கள் பிறகே உள்ளே வரும். பொருத்தின் இருபுறமும் நேருக்கு நேர் துளையிட்டு, பொருத்தின்மேல் நார்ப்பட்டை வைத்து, அதை அழுத்தியபடி குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓடும். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, மரக்கோலால் நெம்பி ஒவ்வொரு தையலையும் இறுக்க வேண்டும். பிறகு துளைகளில் நாரை அடைத்துப் பிசினும் சுண்ணாம்பும் பூசுவார்கள். இறுக்கம் ஓரிடத்தில் குறைந்தாலும் நீர் கசியும். இதில் திறமை மரத்தச்சனுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு கயிறு இழுப்பவனுக்கும் உண்டு.

பயணிகளின் சாட்சியம்

கி.பி. முதல் நூற்றாண்டு நூலான எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ், ஓமானா துறையிலிருந்து அரேபியாவுக்குத் தைத்த படகுகள் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. சோழமண்டலக் கரையில் பெருமரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்ற கலங்கள் ஓடியதையும் அதே நூல் குறிக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் அபூ சைது அல் சிராஃபி தரும் செய்தி வியப்பானது. ஓமான் மக்கள் கருவிகளோடு தென்னைத் தீவுகளுக்குப் போய், மரத்தை வெட்டிப் பலகையாக்கி, மட்டை நாரைத் திரித்துத் தைத்து, பாய்மரம், பாய், கயிறு எல்லாவற்றையும் தென்னையிலிருந்தே செய்துகொண்டு, தேங்காயையே சரக்காக ஏற்றித் திரும்புவார்களாம். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனாலும் கப்பல் கட்டும் செலவில் இரும்புக்கு இடமே இல்லாத ஒரு பொருளாதாரத்தை இது காட்டுகிறது.

1183-இல் செங்கடலைக் கடந்த ஸ்பானிய ஹஜ் பயணி இப்னு ஜுபைர், ஐதாப் துறையில் ஆணியே இல்லாத கலங்களைக் கண்டார். தேங்காய் நாரை நூலாகும்வரை அடித்துத் திரித்த கயிற்றால் தைத்து, நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் இவற்றில் ஒன்றைப் பூசுகிறார்கள், சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். பவளப்பாறை மலிந்த கடலில் பலகை விறைக்காமல் இளக்கமாக இருப்பதற்கு இந்த எண்ணெய் என்பது அவர் விளக்கம்.

ஐரோப்பியருக்கு இந்தக் கலங்கள் பிடிக்கவில்லை. ஹோர்முஸில் கண்ட மார்க்கோ போலோ, அவை மட்டமானவை, பல மூழ்குகின்றன என்றார். 1290-களில் இந்தியாவிலிருந்து கடிதம் எழுதிய மொந்தெகொர்வினோ ஜான் பாதிரியாரும் குறையே சொன்னார்: நூல் அறுந்த இடத்தில் ஓட்டை, ஆண்டுக்கொருமுறை சீர்செய்தால்தான் கடலில் விடலாம். குறையாகச் சொன்ன இந்தச் செய்திதான் ஆய்வுக்கு மிகவும் பயன்படுகிறது. ஆண்டுதோறும் கலத்தைக் கரையேற்றிப் பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைக்கும் ஒரு பழக்கம் இருந்தது என்பதற்கு இதுவே நேர்ச்சான்று. பருவக்காற்று வலுத்துக் கடல் மூடும் மாதங்கள் அதற்குத் தோதாக அமைந்தன.

காந்தமலையும் இரும்பும்

இரண்டாம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி, இரும்பாணி அடித்த கப்பல்கள் நகர முடியாமல் நின்றுவிடும் காந்தத் தீவுகளைப் பற்றி எழுதினார். அந்தக் கதை ஆயிரத்தோர் இரவுகள் வரை போய்ச் சேர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் வரலாற்றாளர் புரொகோபியஸ் அதை மறுத்தது நல்ல தருக்கம்: ரோமானியக் கப்பல்களிலும் நிறைய இரும்பு இருக்கிறது, அதே செங்கடலில்தான் ஓடுகின்றன, ஒன்றும் ஆகவில்லையே. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். இந்தியரிடமும் எத்தியோப்பியரிடமும் இரும்பு இல்லை, ரோமானியச் சட்டம் அவர்களுக்கு விற்கவும் விடாது, அதனால்தான் தைக்கிறார்கள் என்று முடித்துவிட்டார்.

இந்த முடிபை அவருக்கு ஐந்து நூற்றாண்டு முந்திய பெரிப்ளுஸே மறுக்கிறது. எத்தியோப்பியக் கரையின் அதூலிஸ் துறையில் வந்திறங்கிய சரக்குகளின் பட்டியலில் இந்திய இரும்பும் எஃகும் இடம்பெறுகின்றன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்புருக்கு உலைகள் வெளிப்பட்டன. எஃகை ஏற்றுமதி செய்த நாட்டுக்கு ஆணி அடிக்க இரும்பில்லை என்பது பொருந்தாது.

இப்னு பதூதா சொல்லும் காரணம் நடைமுறையறிவு உடையது. இந்தக் கடலில் பாறைகள் மிகுதி. ஆணி அறைந்த கலம் மோதினால் உடையும், தைத்த கலம் வளைந்துகொடுக்கும் என்கிறார். இதோடு மூன்று காரணங்களைச் சேர்க்கலாம். மணற்கரையில் கலத்தை ஏற்றி இறக்கும் வழக்கம், நார் எங்கும் மலிவாகக் கிடைத்தது, ஊர்க்கைகளாலேயே பழுதுபார்க்க முடிந்தது. கடைசிக் காரணத்துக்கே நான் மிகுந்த எடை கொடுப்பேன். ஆணிக்கலம் பழுதானால் கொல்லன் வேண்டும். தைத்த கலத்துக்குத் தென்னை உள்ள எந்தக் கரையும் போதும்.

கடலடிச் சான்று இதை உறுதிப்படுத்துகிறது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998-இல் கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலத்தில் ஏறத்தாழ 60,000 தாங் வம்சச் சீனப் பீங்கான்கள் இருந்தன. கலம் தைக்கப்பட்டது. அதன் தையலில் கிடைத்த நார் தென்னையல்ல, தென்கிழக்காசியச் செம்பருத்தி இனத்து மரப்பட்டை நார் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்கே கட்டிய கலம் கிழக்கே எங்கோ கரையேறி, அங்கே கிடைத்த நாரால் மறுதையல் கண்டிருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். தாய்லாந்தின் பனோம் சுரினில் 2013-இல் கிடைத்ததும் தைத்த கலமே.

இத்தகைய கலம் நெடுந்தொலைவு போகுமா என்ற ஐயத்தை 1980-இல் டிம் செவரின் தீர்த்துவைத்தார். ஓமானின் சூர் நகரில் அவர் கட்டிய சோஹார் கப்பலுக்கு மலபார் மரமும் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தென்னைநார்க் கயிறும் சென்றன. தைக்கத் தெரிந்தவர்களை லட்சத்தீவின் அகத்தியிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. அக்கலம் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981-இல் சீனத்தின் காண்டன் சேர்ந்தது. பெலித்துங் கலத்தை மாதிரியாகக் கொண்ட ஜுவல் ஆஃப் மஸ்கட் 2010-இல் கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் வந்தது.

சென்னையின் அலை

பெருங்கலங்களில் தையல் மறைந்தபின்னும் அது உயிரோடிருந்த இடம் சோழமண்டலக் கரை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1861-இல் இரும்புத் துறைமேடை வரும்வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரை வந்து சேர வேண்டும். விலாச்சட்டமே இல்லாத, தட்டையான அடிப்பாகமுடைய படகு அது. பலகைகளைத் தென்னைநாரால் தைத்துப் பொருத்துக்குள் வைக்கோல் திணித்திருப்பார்கள். விறைப்பான ஐரோப்பியப் படகை உடைத்த அலை, தன்னோடு நெளிந்த மசூலாவைக் கரையில் இறக்கிவிட்டுப் போயிற்று. கவர்னர் முதல் குமாஸ்தா வரை கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் இந்த நாரை நம்பித்தான் சென்னையில் கால்வைத்தார்கள்.

கட்டுமரம் இதைவிட எளியது. மீன்பிடித்துத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போட்டுவிடலாம். மறுநாள் மீண்டும் கட்டினால் கலம் தயார். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இவற்றையெல்லாம் நேரில் ஆய்ந்து 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய நூல் இன்றும் அடிப்படை ஆதாரம். இலங்கையின் தென்மேற்குக் கரையின் ஓரு என்னும் படகுகளிலும், இன்று உல்லாசப் படகாகிவிட்ட கேரளக் கெட்டுவள்ளத்திலும் இதே தையல்தான்.

தையல் விலகியபின்

பதினாறாம் நூற்றாண்டில் பெருங்கலங்கள் ஆணிக்கு மாறியதற்குப் பீரங்கி ஒரு காரணம் என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். வெடிக்கும்போது எழும் உதைப்பைத் தையல் தாங்காது. கயிற்றின் தேவை அதனால் குறையவில்லை, இடம்தான் மாறியது. போர்ச்சுக்கீசியர் மாலத்தீவிலிருந்து கயிற்றைத் திறையாகப் பெற்றனர். 1602-இல் அங்கே கப்பல் உடைந்து ஒதுங்கி, 1607 வரை தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார்ட், கயிறு அரசனின் வருவாயாக இருந்ததை எழுதியிருக்கிறார்.

பிரித்தானியக் கடற்படை ரஷ்யாவின் ஹெம்ப் சணலை நம்பியிருந்தது. 1854-இல் பிரித்தானியா கிரிமியப் போரில் இறங்கி அந்த வழி அடைபட்டதும், இந்திய நார்கள்மேல் கண் திரும்பியது. ஃபோர்ப்ஸ் ராயில் எழுதிய இந்திய நார்ச்செடிகள் பற்றிய நூல் 1855-இல் வந்தது தற்செயலல்ல. மிதப்பதாலும் நீள்வதாலும் தென்னைநார் வடம் கப்பலைக் கட்டியிழுக்கும் வேலைக்கு நெடுங்காலம் பயன்பட்டது. 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் ஆலை தொடங்கியபின், நார் கப்பலை விட்டு ஐரோப்பிய வீட்டு வாசலில் மிதியடியாய்ப் போய்ச் சேர்ந்தது. எஃகு வடம், பிறகு நைலான், பாலிபுரொப்பிலீன் வந்ததும் மீதியிருந்த கடல்வேலையும் போயிற்று. இன்று பொள்ளாச்சி ஆலைகளில் காய்ந்த மட்டையை எந்திரம் அடிக்கிறது. அந்நாளில் கழிவாகக் கிடந்த சோறு கட்டியாக அழுத்தப்பட்டு, பயிர் வளர்க்கும் ஊடகமாக வெளிநாடு போகிறது.

இக்கட்டுரை சார்ந்திருக்கும் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் கலத்தில் ஏறிப் பயணித்தவர்கள் அல்லது கரையிலிருந்து பார்த்தவர்கள் எழுதியவை. தைத்தவர்களின் வாய்மொழி மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. கட்டுமரங்களுக்குப் பதிலாக இழைக்கண்ணாடிப் படகுகள் வந்துவிட்ட நம் கடற்கரை ஊர்களில், கட்டும் முறையும் முடிச்சுகளின் பெயர்களும் முதியவர்கள் சிலரிடமே மீந்திருக்கின்றன. பல்கலைக்கழகக் கடல்சார் வரலாற்றுத் துறைகள் தமிழகக் கரை முழுவதும் இவற்றைக் காணொளியாகவும் அளவு வரைபடமாகவும் பதிவுசெய்யும் பணியை இந்தத் தலைமுறை இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.